மூணு காய் மார்க் லேபிள்

உசேன் சாரத்திலிருந்து விழுந்தபோது உயிர் போயிருந்தால் ஊரில் நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். உயிர் போகவில்லை, இடுப்புதான் போனது. இடுப்பு போன போர்டு ஆர்ட்டிஸ்டை எவன் சீந்துவான்? தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கண்ணில் படுகிற பெயர்ப் பலகைகளில் பாதி அவர் எழுதியவை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து குச்சி ஊன்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்த கடைக்காரர்களெல்லாம், "ரெஸ்ட் எடுங்க பாய், ரெஸ்ட் எடுங்க" என்று உபசாரம் பண்ணிவிட்டு, அடுத்த போர்டை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ரெஸ்ட்டை உலையில் போட்டு வேகவைத்துத் தின்ன முடியுமா?

அவர் மனைவி அமீருன்னிசா பீடி சுற்ற ஆரம்பித்தாள். அதுகூடப் போகட்டும். ஒருநாள் காலையில், ஒன்பதாவது படிக்கிற மகள் பரிதா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு லீவா?" என்று கேட்டார் உசேன்.

"இல்லத்தா. நானும் சேந்து சுத்துனா கட்டு சீக்கிரம் முடியுமில்ல" என்றாள் சிரித்துக்கொண்டே.

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். சிரித்தாளே, அதைத்தான் உசேனால் பார்க்க முடியவில்லை. "எந்திரி, எந்திரி. பள்ளிக்கூடம் போ. அத்தாவுக்கு வேலை வருது" என்று விரட்டினார். எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரியாது.

ஆனால் வந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றுக்காக ஓசூர் முதல் அரூர் வரைக்கும் லேபிள் ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட் சவுரியப்பன், பழைய பழக்கத்தில் வீடு தேடி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"லேபிளுக்குப் படம் போடறது இப்ப சிவகாசியிலதான் பாய். பார்ட்டி சொல்றது ஒண்ணு, அங்க போடறது ஒண்ணு. மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் எனக்கு இடி. இங்கயே ஒரு கை இருந்தா தேவலாம். உக்காந்து செய்யற வேலைதான். ஒரு லேபிள் போட்டுக் காட்டுங்க. சுத்தமா வந்துட்டா நான் புடிக்கற ஆர்டர் பூரா உங்க மேசைக்குத்தான். சொதப்புச்சுன்னா மட்டும் அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க. அச்சகத்துக்காரன் எனக்கே சீட்டக் கிழிச்சிடுவான்."

கடத்தூரில் கிருஷ்ணப்பன் என்றொருவர். தோட்டம் துரவு உள்ள குடும்பம். மலையிலிருந்து சீயக்காய் வாங்கி வீட்டிலேயே இடித்துத் தூளாக்கிச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தவருக்கு, பெங்களூர்க் கடை ஒன்று ஆசை காட்டியிருந்தது. பொட்டலத்தின் மேல் ஒழுங்கான லேபிள் ஒட்டி, மார்க் போட்டு, விலாசத்தோடு கொண்டுவந்தால் மாசாமாசம் எடுத்துக்கொள்கிறோம் என்று. மூன்று சீயக்காயைக் காம்போடு சேர்த்துக் கட்டின மாதிரி ஒரு சின்னம், 'மூணு காய் மார்க்'. அதுதான் உசேனுக்கு வந்த முதல் லேபிள். அதுதான் கடைசி நம்பிக்கையும்.

போர்டு எழுதுகிறவனுக்கு உயரமே ஒரு துணை. கோடு கொஞ்சம் கோணினால் கீழே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. லேபிள் அப்படியா? ஒரு பிசகு விட்டால் அது ஆயிரமாயிரமாக அச்சாகி வந்து பல்லைக் காட்டும். உசேன் தலையணை மேல் தலையணை போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை அளவு லேபிளை நாலு மடங்கு பெரிதாக ஆர்ட் கார்டில் கறுப்பு மையால் வரைந்தார். அச்சகத்தில் அதைக் கேமராவில் பிடித்துச் சுருக்கிக்கொள்வார்கள். வெளி நிறத்தைக் கட்டங்கட்டி நிறுத்தாமல் வெட்டு விழுகிற இடத்தையும் தாண்டிக் கொஞ்சம் இழுத்துவிட்டார். வெட்டுகிற கத்தி இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை தெரியக் கூடாதே. நாலு மூலையிலும் மயிரிழை போல் வெட்டுக்குறி போட்டார். கத்தி எங்கே விழ வேண்டும் என்று அச்சகத்துக்குச் சொல்கிற குறி அது. எந்த இடத்துக்கு எந்தக் கலர் என்று டிரேசிங் பேப்பரில் எழுதி, படத்தின் மேல் மடக்கி மூடுகிற மாதிரி ஒட்டினார். முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு நெருப்பாக எரிந்தது. "எரியட்டும் கழுதை" என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸில் கடத்தூர் போனார். கிருஷ்ணப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். படத்தை ஒரு பார்வை பார்த்து, "ஜோரா இருக்குதுங்க பாய்" என்றார். "உள்ள வச்சுட்டுப் போங்க. நாளைக்குக் காலையில சவுரியப்பன் வந்து வாங்கிக்குவாரு" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

படத்தை வாங்கி வைக்கக் கொட்டகையிலிருந்து வந்தவள் கண்ணம்மாள், கிருஷ்ணப்பனின் செத்துப்போன அண்ணன் மாதுவின் மனைவி. வெறும் நெற்றி. கையெல்லாம் சீயக்காய்த் தூள். ஊரே சிலாகிக்கிற அந்தத் தூளுக்குக் கைப்பக்குவம் இவளுடையது என்று கடத்தூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெந்தயம் எவ்வளவு, பச்சைப்பயறு எவ்வளவு, காயை எத்தனை வெயிலுக்கு விடுவது, எல்லாம் அவள் மூக்குக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்க அவளுக்கு இடமில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, பிறகுதான் கார்டைத் தொட்டாள். "நம்ம காயி தாங்க பாய் இது. அப்பிடியே மரத்துல தொங்கற மாதிரி இருக்குது" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து உசேனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த மூலையில சின்னச் சின்னதா கோடு இருக்குதே, அது என்னாதுங்க?"

"அதுவாம்மா? அங்கதான் கத்தி வுழும். கட்டுக்கட்டா அடுக்கி மிசின்ல ஒரே வெட்டு."

"கத்தியா?" என்று சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

உசேன் சிரித்தார். அந்த நேரத்தில் சிரிக்காமல், "மூலையில கை வச்சிராதம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. வர வேண்டியது வருகிற நேரத்தில் நாக்கும் சதி பண்ணும்.

மூன்று வாரம் ஆனது. பரிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டினால் உசேன் எட்டிப் பார்ப்பார். சவுரியப்பன் வருவார், கையில் அடுத்த லேபிள் இருக்கும், கூடவே ஒரு நல்ல வார்த்தை இருக்கும் என்று காத்திருந்தார்.

சவுரியப்பன் வந்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்துப் பாயில் வீசினார்.

"நல்லா இருக்குதா பாருங்க, உங்க லட்சணம்!"

உசேன் எடுத்துப் பார்த்தார். மூன்று காயும் நின்றது, எழுத்தும் நின்றது. ஆனால் கீழே விலாசம் இருக்க வேண்டிய வரியைக் கத்தி இடுப்போடு அறுத்திருந்தது. 'கடத்தூர்' என்பதில் தலை மட்டும் தெரிந்தது. நாலு மூலையிலும் வெற்றிலை எச்சில் தெறித்த மாதிரி திட்டுத்திட்டாகக் கறுப்பு.

"இது... இது என் கை இல்லீங்க."

"பின்ன எங்கப்பன் கையா? ஆர்ட்டிஸ்ட் போட்ட குறிப்படிதான் வெட்டுனோம்கறான் அச்சகத்துல. மூட்ட மூட்டயா கெடக்குது கடத்தூர்ல. பெங்களூர்க்காரன் இதப் பாத்தா மூஞ்சில காறித் துப்புவான். திரும்ப அடிக்கச் சொன்னா, அந்தப் பாய் கையால இனிமே ஒரு புள்ளி வச்சுக்கூட அனுப்பாதேங்கறாங்க. நான் என்னாங்க பண்ணட்டும்?"

உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருந்த அமீருன்னிசாவின் கை நின்றது. உசேன் அதைப் பார்த்தார். அவள் கதவோரம் வந்து நின்றாள். சாரம் ஏற முடியாது. மேசையும் போய்விட்டால் மீதி இருப்பது முறமும் இலையும்தான், பரிதாவுக்கும் சேர்த்து.

"ஏங்க, நான் அனுப்புன படம் எங்க இருக்குது?"

"அதுவும் மூட்டையோட கடத்தூருக்கு வந்துடுச்சு."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா கண்ணால பாத்துடறேன். என் தப்புன்னா இந்தக் கையால பிரஷ் தொட மாட்டேன்."

சவுரியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. கூட்டிப்போனார். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் இடுப்பு கழன்று விடுகிற மாதிரி வலித்தது. உசேன் வலியைப் பார்க்கவில்லை. அளவு தப்பாக எடுத்தேனா, ஸ்கேல் நகர்ந்துவிட்டதா, கண் மங்கிவிட்டதா என்று மனசுக்குள் அந்தக் கார்டைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே வந்தார். என் தப்பாக மட்டும் இருக்கக் கூடாது ரப்பே, வேறு எவர் தப்பாகவும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படியும் ஒரு மனுஷன் வேண்டுவானா என்றால், வேண்டுவான். தலைக்கு மேல் வெள்ளம் போகிறவன் எதைத்தான் பிடிக்க மாட்டான்?

கிருஷ்ணப்பன் வீட்டு முற்றத்தில் லேபிள் கட்டுகள் குவிந்து கிடந்தன. அவர் அம்மா செல்லி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, "காசப் புடிச்ச கேடு" என்று பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கக் கொட்டகையில் உலக்கைச் சத்தம் கேட்டது.

"வாங்க பாய், வந்து பாருங்க! சொந்தக்காரன், பங்காளி அத்தினி பேருக்கும் சொல்லி வச்சிட்டேன். இப்ப வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்க" என்றார் கிருஷ்ணப்பன். உட்காரச் சொல்லவில்லை.

உசேன் நின்றபடியே, கட்டுகளுக்கு மேல் கிடந்த உறையைப் பிரித்து கார்டை எடுத்தார். டிரேசிங் பேப்பரைத் தூக்கினார்.

நாலு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி, குழைத்து அழுத்தி வைத்த மஞ்சள், நடுவில் குங்குமப் பொட்டு. வெட்டுக்குறி ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"யா அல்லா!" என்று கத்தியேவிட்டார் உசேன். பிழைத்தேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில் குச்சி கை நழுவி விழுந்தது. "பாருங்க சவுரியப்பன், பாருங்க! என் குறி இதுக்கு அடியில கெடக்குதுங்க! செவப்பும் இந்த மஞ்சளும் கேமரா கண்ணுக்குக் கறுப்புங்க. மை தீத்துன மாதிரி வுழுந்திருக்கு. குறி தெரியாம, வெட்டறவன் இந்தத் திட்டையே கணக்கா வச்சு வெட்டியிருக்கான்!"

சவுரியப்பனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! சீசன் நேரம், எவனும் நின்னு பாக்கல. நானும் உறையப் பிரிக்காமலே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். கிருஷ்ணப்பன், பாய் மேல தப்பே இல்லீங்க. அச்சகத்துல நான் பேசிக்கறேன். பாய், மன்னிச்சுக்குங்க, வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன்."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் உசேன். பிழைத்தவனுக்கு வாய் நிற்காதே. "ஆமா, இதுல மஞ்ச வச்சது யாருங்க?" என்று கேட்டுவிட்டார்.

கிருஷ்ணப்பன் யோசித்தார். "எம் பொண்டாட்டி பிரசவத்துக்குப் பொறந்த வூட்டுக்குப் போயி மாசமாவுது. நான் வைக்கல. ஆத்தா, நீயா?"

"நானா? நான் தாலி அறுத்தவடா. நல்ல காரியத்துல மஞ்ச தொடுவனா?" என்றாள் செல்லி. சொன்னவள் கழுத்தைத் திருப்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கிருஷ்ணப்பனும் பார்த்தார். உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

அப்போதுதான் உசேனுக்கு உறைத்தது. இந்த ஊர்க் காற்றைக் குடித்து வளர்ந்தவருக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன? யார் தலையில் கல்லைப் போட்டோம் என்று புரிந்துவிட்டது.

"நாந்தாங்க!" என்றார் அவசரமாக. "நாந்தாங்க வச்சேன். இப்பதான் ஞாபகம் வருது. உங்க பக்கத்து வழக்கமாச்சேன்னு..."

"யோவ் பாய்" என்று சவுரியப்பன் சிரித்தார். "கேமராவுல கறுப்பா வுழும்னு இவ்ளோ நேரம் பாடம் எடுத்தது யாரு? தெரிஞ்சுகிட்டே உங்க படத்துல நீங்களே மஞ்ச வச்சீங்களா? சும்மா இருங்க."

கண்ணம்மாள் வந்து முற்றத்தில் நின்றாள். முழங்கை வரைக்கும் தூள்.

"நாந்தான் வச்சேன். எனக்காவ பாய் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள். "கத்தி வுழற எடம்னு சொன்னாரு. நம்ம பேரு போட்டு மொதமொதல்ல வெளிய போற சாமான். மஞ்ச வைக்காம கத்திக்குக் குடுக்கறதான்னு மனசு கேக்கல. வூட்ல கேக்க யாருமில்ல. வச்சிட்டேன்."

"அடிப் பாவி!" செல்லி தரையில் ஓங்கி அடித்தாள். "எம் மவன முழுங்குனது பத்தலன்னு இதையும் முழுங்கிட்டயாடி? உன் கை எதுல பட்டுச்சு, எது வெளங்குச்சு?"

"ஏன் வெளங்கல?" கண்ணம்மாள் அழுகையோடு கேட்டாள். "இந்தக் கை இடிச்சா ஆவுது. சலிச்சா ஆவுது. பொட்டலம் மடிச்சா ஆவுது. வித்து வர்ற காசு ஆவுது. நாலு மூலைல மஞ்ச வச்சா மட்டும் ஆவாதா?"

செல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உசேன்தான் பதறினார். "எந்தக் கை வச்சிருந்தாலும் கறுப்பாத்தாங்க வுழுந்திருக்கும்! சுமங்கலி வச்சாலும் கறுப்புதான்! இது கலரோட கொணமுங்க. அந்தம்மா கையோட கொணமில்ல. கேமராவுக்கு யாரு எவருன்னு தெரியுமாங்க?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சினார். சுவரிடம் பேசியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும்.

கிருஷ்ணப்பன் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு முற்றத்தில் ரெண்டு நடை நடந்தார். அம்மா முகத்தைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார், அண்ணி முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கம்பைநல்லூருக்கு ஆள் வுடறேன். உங்கண்ணன் வந்து கூட்டிப் போவட்டும். கொஞ்ச நாளைக்கு அங்க இருங்க" என்றார். "தூளு வேலைய நாங்க பாத்துக்கறோம். ஆள் வச்சு இடிச்சுக்கலாம்."

"கொஞ்ச நாளைக்கு" என்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கண்ணம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பிப் போனாள்.

"பாய்" என்றார் கிருஷ்ணப்பன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நீங்க இன்னொருக்கா போட்டுக் குடுத்துடுங்க. அதே மாதிரி. ஆனா இந்தத் தடவ நேரா ஏஜென்ட் கையிலயே குடுத்துடுங்க, இங்க எடுத்துட்டு வர வேணாம்."

முடியாது என்று சொல்ல உசேனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் சீயக்காயும் வேண்டாம், உன் லேபிளும் வேண்டாம் என்று கார்டை அந்தக் கட்டுகள் மேலேயே எறிந்துவிட்டுப் போகலாம். கை ஓங்கியும்விட்டது. அந்த நேரம் பார்த்து, இலை வெட்டிக்கொண்டு சிரிக்கிற பரிதாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. கை இறங்கிவிட்டது.

"சரிங்க" என்றார்.

வெளியே போகிற வழி கொட்டகையை ஒட்டித்தான். சவுரியப்பன் முன்னால் போய்விட்டார். உசேன் தலையைக் குனிந்து அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தார். கண்ணம்மாள் சல்லடையைத் தட்டிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பாய், உங்க மேல தப்பில்லன்னு ஆயிடுச்சுங்களா?"

உசேன் நின்றார். "ஆயிடுச்சும்மா."

"வேல?"

"தங்கிடுச்சு."

"அந்த மட்டும் சரிங்க" என்றாள் அவள், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "ஒருத்தராவது பொழச்சமே."

அவள் ஒரு வசவு வைதிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதை வாங்கிக்கொள்ள அவரிடம் இடமில்லை. என்னை மன்னிச்சிரு தாயி என்று சொல்ல நினைத்தார். அதற்குள் தெருவிலிருந்து சவுரியப்பன், "பாய், பஸ்ஸு!" என்று கத்தினார். உசேன் குச்சியை ஊன்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பஸ்ஸில் சவுரியப்பன் ஜன்னலோரம் இடம் விட்டு உட்காரவைத்தார். சந்தோஷமாகவே இருந்தார். பாலக்கோட்டில் ஒரு ஊதுபத்திக்காரர், ஓசூரில் ஒரு பல்பொடிக்காரர், காவேரிப்பட்டினத்தில் மாம்பழ ஜூஸ் போடப் போகிறவர் ஒருவர் என்று அடுக்கிக்கொண்டே வந்தார். எல்லாம் இனி உங்கள் மேசைக்குத்தான் என்றார். ஊர் தாண்டிப் புளிய மரங்கள் வந்ததும் உசேனுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்தியும் அடங்கவில்லை.

"என்னா பாய், நான் சொல்றது கேக்குதுங்களா?" என்றார் சவுரியப்பன், முன்பக்கம் பார்த்தபடியே.

"கேக்குதுங்க" என்றார் உசேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அந்த ஊதுபத்தி லேபிளு, என்னா அளவுங்க?"